எந்த சீனும் மோசமில்லை, ஆனாலும் படம் ஏன் மனதில் நிற்கவில்லை?

குடும்பமாகக் காரில் கிளம்பும் நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். டிரெய்லரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறீர்கள். நடிகர்கள் எல்லாரும் தேர்ந்தவர்கள். முதல் அரை மணி நேரம் நன்றாகவே போயிருக்கிறது. அப்புறம் எங்கோ ஓரிடத்தில் கை தானாகப் போனைத் தேடியிருக்கிறது. வெளியே வந்து யோசித்தால் 'இந்த சீன்தான் கெடுத்தது' என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, மனதில் நிற்கிற மாதிரியும் ஒன்றும் இல்லை. தப்பு எழுத்திலா, இயக்கத்திலா, இல்லை நான்தான் அதிகம் எதிர்பார்த்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். நன்றாக எடிட் செய்திருந்தால் தேறியிருக்குமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். தனித்தனியாகக் குறை சொல்ல முடியாத சீன்கள் ஒன்றாகச் சேரும்போது ஏன் ஒரு கதையாக மாறவில்லை என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் 22 ஆண்டுகளாகப் படத்தொகுப்பில் இருக்கிறேன். அதில் நான்கு பயணப் படங்கள். அவற்றில் ஒன்று, நீங்கள் சொன்ன அதே விதத்தில் கைநழுவிப் போனது. அதனால் இந்தக் கேள்வியோடு எனக்குப் பழைய உறவு உண்டு. படத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. நீங்கள் விவரித்த அறிகுறிகளை வைத்து, இந்த வகைப் படங்கள் வழக்கமாக எங்கே சறுக்குகின்றன என்று சொல்கிறேன். உங்கள் படத்துக்கு அதில் எது பொருந்தும் என்பதை அதைப் பார்த்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டிரெய்லரிலிருந்து தொடங்கலாம். நிறையப் படங்களில் டிரெய்லரைப் படத்தின் எடிட்டர் வெட்டுவதில்லை, அதற்கென்று தனிக் குழு இருக்கும். அவர்கள் கையில் இருப்பது இரண்டு, இரண்டரை நிமிடம். பயணப் படம் அவர்களுக்குக் கிடைத்த வரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புது இடம், புது ஆள், புதுச் சிக்கல். ஐந்து நொடித் துணுக்குகளாக வெட்டிப் பாட்டின் தாளத்துக்கு அடுக்கினால் போதும். ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று டிரெய்லர் பார்க்கிறவர் கேட்கமாட்டார். ஆக, படத்தில் பலவீனமாக இருக்கப்போகிற விஷயம், அதாவது ஒட்டாமல் நிற்கும் சம்பவங்கள், டிரெய்லரில் பலமாகத் தெரியும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். இந்த வகைப் படத்தின் டிரெய்லர் எதையாவது கையில் கிடைத்தால், கடைசிப் பதினைந்து நொடியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பாட்டு சட்டென்று அடங்கும். அப்பாவும் மகளும், அல்லது கணவனும் மனைவியும், ஒருவரையொருவர் பார்க்கும் அமைதியான ஒரு ஷாட் வரும். துணுக்குகளைப் பார்த்துச் சிரித்திருப்போம், ஆனால் டிக்கெட் எடுத்தது அந்த ஷாட்டை நம்பித்தான். 'இவர்களுக்குள் ஏதோ சரியில்லை, இந்தப் பயணத்தில் அது வெளியே வரும்' என்று படம் அங்கேதான் வாக்குக் கொடுக்கிறது.

அந்த வாக்குக்குக் காரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வீட்டில் சண்டை வந்தால் ஒருவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். காரில் முடியாது. அதோடு, காரில் யாரும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. எல்லாரும் ஒரே திசையில் உட்கார்ந்திருப்பார்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததை, முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஓட்டுகிறவர் திரும்பவே முடியாது. பின்சீட்டில் பையன் எதையோ போட்டு உடைக்கிறான், அப்பாவுக்குக் கண்ணாடியில் அவனுடைய ஒரு கண் மட்டும் தெரிகிறது. சிரிப்பும் வலியும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு எங்கே கிடைக்கும்?

முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து போகும் படங்களுக்கு இந்தச் சுமை இல்லை. இட் ஹாப்பன்டு ஒன் நைட் 1934இல் வந்தது. முக்கியமான ஐந்து ஆஸ்கர் விருதுகளையும் வாங்கியது. அதில் பஸ்ஸில் சந்திக்கும் இரண்டு பேர், ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எதுவும் தெரியாது. நம்மிடம் 1966இல் வந்த மெட்ராஸ் டு பாண்டிச்சேரியும், இந்தியில் 1972இல் அதன் மறு உருவாக்கமாக வந்த பாம்பே டு கோவாவும் ஒரு பஸ் நிறைய அந்நியர்களை ஏற்றிக்கொண்டு போன கதைகள். அங்கே சுவாரசியமே 'இவர் யார்' என்பதில்தான். குடும்பப் பயணம் இதற்கு நேர்மாறு. இவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எல்லாம் தெரியும், தேவைக்கு மேலேயே தெரியும். சாவியைத் திருகுவதற்குப் பத்து வருடம் முன்பே சண்டை தொடங்கிவிட்டது. அதனால் சாலையில் என்ன புதிதாக நடக்கிறது என்பது இரண்டாம்பட்சம். நடப்பது எதுவானாலும் அது எந்தப் பழைய விஷயத்தைக் கிளறுகிறது என்பதுதான் கதை. தோற்கிற படங்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. குடும்பத்தைக் காரில் ஏற்றிவிட்டு, அந்நியர்களின் பயணத்தைப்போல நடத்துகின்றன.

நான் சொன்ன அந்தப் படத்தில் இதை என் கையாலேயே கண்டுபிடித்தேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி, பழைய வேன். வழியில் பதினொரு சம்பவங்கள். ஐந்தாவது சம்பவத்துக்கு முன்னால் வரும் ஷாட்டில் சாலை ஈரமாக இருந்தது, மழைக் காட்சியோ எட்டாவதில்தான் வருகிறது. இயக்குநர், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். மாற்றினால் நடுவில் உள்ள எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும், குறைந்தது ஒரு நாள் வேலை என்று சொன்னேன். டைம்லைனில் இரண்டையும் தூக்கி மாற்றி வைத்துவிட்டு, எங்கெல்லாம் இடிக்கிறது என்று குறித்துக்கொள்ளப் பேனாவோடு உட்கார்ந்து ஓடவிட்டோம். நாற்பது நிமிடம் ஓடியது. தாளில் ஒரே ஒரு குறிப்புதான் விழுந்திருந்தது: பையனின் சட்டை நிறம். இவ்வளவு இடம் மாற்றியும் கதையில் எந்த இடமும் இடிக்கவில்லை. யாரும் யாரிடமும் முன்னால் நடந்ததை வைத்துக் கோபப்படவில்லை, முன்னால் தெரிந்துகொண்ட எதையும் பின்னால் பயன்படுத்தவில்லை. இயக்குநரும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வேலை மிச்சமானதே என்று மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் இருவருக்கும் அடிவயிற்றில் ஏதோ செய்தது.

அதற்குப் பிறகு எந்தப் பயணப் படத்துக்கும் நான் வைக்கும் முதல் சோதனை இதுதான். இரண்டு சம்பவங்களை மனதுக்குள் இடம் மாற்றிப் பார்ப்பேன். எதுவும் உடையவில்லை என்றால் அங்கே நடப்பது பயணம் மட்டும்தான், கதை இன்னும் தொடங்கவில்லை. உங்களுக்குப் போன் ஞாபகம் வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடுத்த சம்பவம் முந்தையதைச் சார்ந்து இல்லை என்பதைப் பார்க்கிறவரின் மனம் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்துவிட்டால், ஒன்றிரண்டைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை என்று அதற்குத் தெரிந்துவிடும். சிரிப்பு வராததால்தான் கவனம் சிதறுகிறது என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில், தவறவிடப் பயமில்லை என்றால் நல்ல ஜோக் வரும்போதுகூடக் கவனம் சிதறும்.

சரியாக அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2006இல் வந்த லிட்டில் மிஸ் சன்ஷைன் படத்தைத்தான் எப்போதும் சொல்வேன். ஜோனதன் டேட்டன், வலேரி ஃபாரிஸ் இருவரும் சேர்ந்து இயக்கியது. எழுதிய மைக்கேல் ஆர்ன்டுக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. ஒரு சிறுமியை அழகுப் போட்டிக்குக் கூட்டிப்போக, ஒரு குடும்பமே மஞ்சள் நிற ஃபோக்ஸ்வாகன் வேனில் கிளம்புகிறது. தொடக்கத்திலேயே கிளட்ச் போய்விடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும், வண்டி ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக ஓடிவந்து ஏற வேண்டும். முதல் தடவை அது ஒரு ஜோக். மூன்றாவது தடவை பார்த்தால், ஒருவரோடு ஒருவர் பேசவே பிடிக்காத ஆட்கள் தோளோடு தோள் சேர்த்து வண்டி தள்ளிக்கொண்டிருப்பார்கள். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது.

அதே படத்தின் காரண வரிசையைப் பாருங்கள். வழியில் தாத்தா இறந்துபோகிறார். அதனால் ஆஸ்பத்திரி. அங்கே வைத்திருக்கும் துண்டுப் பிரசுரங்களைச் சிறுமி எடுத்து வருகிறாள். வேனில் போகும்போது, பொழுதுபோகாமல் அதிலிருக்கும் கண் சோதனை அட்டையை அண்ணனுக்குக் காட்டி விளையாடுகிறாள். அவனுக்கு நிறக்குருடு இருப்பது அப்போதுதான் தெரியவருகிறது. விமானி ஆகிற வரை பேசமாட்டேன் என்று மௌன விரதம் இருக்கும் பையன் அவன். நிறம் பிரித்தறிய முடியாதவன், அவன் கனவு காணும் விமானப்படையில் விமானம் ஓட்ட முடியாது. மூடிய வேனுக்குள் அவன் கையால் அடித்துக்கொண்டு துடிக்க, வண்டியை நிறுத்துகிறார்கள். இறங்கி ஓடி, படத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து கத்துகிறான். இதில் எதை இடம் மாற்ற முடியும்? தாத்தா சாகாவிட்டால் ஆஸ்பத்திரி இல்லை, ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் அட்டை இல்லை, அட்டை இல்லாவிட்டால் அந்தக் கத்தல் இல்லை. சமாதானம் செய்யப் பெரியவர்கள் எடுக்கும் முயற்சி எதுவும் பலிப்பதில்லை. கடைசியில் அந்தச் சிறுமி சரிவில் இறங்கிப் போய், அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்க்கிறாள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாக எழுந்து வருகிறான். நூறு தடவை பார்த்திருப்பேன், இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இரண்டாவது சோதனை: சிக்கலை உண்டாக்குவது யார் என்று எண்ணிப் பார்ப்பது. தோற்கிற படங்களில் சிக்கல் எப்போதும் வெளியிலிருந்து வரும். விசித்திரமான ஓட்டல்காரர், முரட்டு லாரி ஓட்டுநர், திருட்டுக் கும்பல், சாலையில் குறுக்கே நிற்கும் ஏதோ ஒரு மிருகம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர் வந்து பத்து நிமிடம் கலக்கிவிட்டுப் போவார். அவர்கள் நன்றாகவே செய்வார்கள், அதனால்தான் உங்களால் 'மோசம்' என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் குடும்பம் என்ன செய்கிறது? வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கிறது. எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் அந்த இடத்தில் நிறுத்தலாம். பிக்கு (2015) என்ற இந்திப் படம் இதற்கு எதிர்முனை. ஜூஹி சதுர்வேதி எழுத, சூஜித் சர்க்கார் இயக்கியது. டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்குக் காரில் ஒரு நீண்ட பயணம், அதில் துரத்தல் எதுவும் கிடையாது. மலச்சிக்கலே உலகப் பிரச்சினை என்று நினைக்கும் வயதான அப்பா, அவரைச் சுமந்து சுமந்து பொறுமை தீர்ந்துபோன மகள், ஓட்டுநர்கள் யாரும் வர மறுத்ததால் தானே ஓட்ட வந்த டாக்சி நிறுவனத்துக்காரர். வேறு பெரிய சரக்கு அந்தப் படத்தில் இல்லை. சிக்கல் முழுக்க வண்டிக்குள் இருக்கும் ஆட்களின் குணத்திலிருந்து வருகிறது. வழியில் நிறுத்துவதுகூட, அவர்களுக்குள் ஏதோ முற்றிப்போனதால்தான்.

அப்படியானால் எல்லாரும் காருக்குள்ளேயே எடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இது வெளியில் அதிகம் பேசப்படாத விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓடும் காருக்குள் நகைச்சுவை எடுப்பது படப்பிடிப்பிலேயே கடினமான வேலைகளில் ஒன்று. காரைத் தாழ்வான இழுவண்டியில் ஏற்றி இன்னொரு வண்டியால் இழுப்பார்கள், அல்லது பானெட்டிலும் கதவிலும் கேமராவைப் பொருத்துவார்கள், அல்லது ஸ்டூடியோவில் நிற்கும் காருக்குப் பின்னால் திரையோ எல்இடி சுவரோ வைத்துச் சாலையை ஓடவிடுவார்கள். முதல் இரண்டு முறைகளில் பெரும்பாலும் இயக்குநருக்குக் காரில் இடம் இருக்காது. முன்னால் போகும் வண்டியில் மானிட்டரோடு உட்கார்ந்து வாக்கிடாக்கியில் பேசுவார். ஒரு டேக் முடிந்தால் மொத்த ஊர்வலமும் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். அதற்குள் வெயில் நகர்ந்திருக்கும், முந்தைய டேக்கில் இடது கன்னத்தில் இருந்த வெளிச்சம் இப்போது மூக்கில் இருக்கும். குழந்தை நடிகர்கள் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அவர்கள் கிளம்பிய பிறகு, பெரியவர்கள் வெற்று சீட்டைப் பார்த்துப் பேசி மீதியை முடிப்பார்கள்.

ஒலி இன்னொரு தலைவலி. குடும்பம் பேசுவது எப்படி? ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் ஆரம்பிப்பார், மூன்றாமவர் வேறு எதையோ கேட்பார், பின்சீட்டில் ஒருவர் தனக்குத்தானே முணுமுணுப்பார். இந்தக் குழப்பம்தான் சிரிப்பு. ஆனால் இஞ்சின் சத்தம், காற்றுச் சத்தத்தால் அந்த ஒலி பயன்படாமல் போகும்போது, ஒவ்வொருவரும் தனித்தனி நாளில் டப்பிங் அறையில் வந்து அவரவர் வரியைப் பேசிவிட்டுப் போவார்கள். வரிகள் சுத்தமாக இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று விழாது. கேட்டால் மேடை நாடகத்தில் முறை வைத்துப் பேசுவதுபோல இருக்கும். காட்சியிலும் அப்படித்தான். பானெட்டிலிருந்து எடுத்த ஒரே ஷாட்டில் நான்கு முகமும் தெரிந்தால், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் கண் உருட்டுவதை அதே நொடியில் பார்க்கலாம். நேரமில்லாமல் ஒவ்வொருவரையும் தனித்தனி க்ளோசப்பாக எடுத்துக் கொடுத்தால், சிரிப்பின் கணக்கை நான் மேசையில் உட்கார்ந்து செயற்கையாகச் செய்ய வேண்டும். செய்துவிடலாம். ஆனால் நான்கு பேர் நான்கு காரில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும், அதை எந்த வெட்டும் மறைக்காது.

இதனால்தான் திரைக்கதையில் பாதிக்கு மேல் காருக்குள் இருந்த படம், படப்பிடிப்பு அட்டவணைக்கு வரும்போது கால்வாசியாகிவிடுகிறது. அதே உரையாடலை ஓட்டல் வாசலுக்கு, பெட்ரோல் பங்குக்கு, மரத்தடிக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றமும் அந்த நேரத்தில் நியாயமாகவே தோன்றும். ஆனால் மரத்தடியில் சண்டை வந்தால் ஒருவர் நடந்துபோய்விடலாம். நான் வேலை செய்த நான்கில் மூன்றில் இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பாதிக்கு மேல் தொய்வதற்கு இன்னொரு காரணம், சம்பவங்களின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது. முதலில் வழி தவறும், அப்புறம் டயர் வெடிக்கும், அப்புறம் பெட்டி திருடுபோகும், அப்புறம் கார் ஆற்றில் விழும். அடுத்தது முந்தையதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்பது எழுதும் மேசையில் சரியாகவே படும். ஆனால் இது நகைச்சுவைப் படம், இந்தக் குடும்பத்துக்கு உயிராபத்து வராது என்று பார்க்கிறவருக்குத் தெரியும். அதனால் ஆபத்து பெரிதாகப் பெரிதாகப் பதற்றம் குறைகிறது. அதோடு ஒரு பக்க விளைவும் உண்டு. ஆற்றில் விழுந்து எழுந்தவர்கள், 'அன்றைக்கு என் பிறந்தநாளுக்கு நீங்கள் வரவில்லை' என்று பேச ஆரம்பித்தால் அது அற்பமாகக் கேட்கும். படத்தின் உயிரே அந்த வரிதான், ஆனால் அதற்கு இடமில்லாமல் படமே செய்துவிட்டது.

பாத்திரங்களுக்கு ஆளுக்கு ஒரே குணம் கொடுப்பதைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: எப்போதும் போனில் இருக்கும் மகள், வேலையை விட முடியாத அப்பா. அதில் நான் கூட்டிச் சொல்ல அதிகமில்லை. நல்ல நடிகர் அந்த ஒரு குணத்தை அரை மணி நேரம் சுவாரசியமாக வைத்திருப்பார். உங்களுக்கு முதல் அரை மணி நேரம் பிடித்ததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

முடிவில் வரும் சமாதானமும் சொல்லப்பட வேண்டியது. இரவு, எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், நெருப்பு எரிகிறது. அப்பா நீளமாகப் பேசுகிறார், மகள் கண் கலங்குகிறாள், இசை ஏறுகிறது. இந்த சீனும் தனியாகப் பார்த்தால் மோசமாக இருக்காது. ஆனால் அந்தப் பேச்சை அவர் வீட்டிலிருந்து கிளம்புமுன்பே பேசியிருக்கலாமே என்று தோன்றினால், நடுவில் போன இரண்டு மணி நேரத்துக்கு வேலையில்லை. சாலையில் நடந்த ஏதோ ஒன்று, அதுவரை அவரால் சொல்ல முடியாததைச் சொல்ல வைத்திருக்க வேண்டும். அதற்காக அவர் எதையாவது இழந்திருந்தால் இன்னும் நல்லது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. இனிமேல் வருவதில் அந்த உறுதி கிடையாது. யார் மீது தப்பு என்று கேட்டீர்கள். முடிந்த படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, எடிட்டரான என்னாலும் முடியாது. நல்ல திரைக்கதை அட்டவணையில் கரைந்திருக்கலாம். திரைக்கதையே சம்பவப் பட்டியலாக இருந்து, இயக்குநர் பாடுபட்டு இந்த அளவுக்காவது கொண்டுவந்திருக்கலாம். வெளியீட்டுக்கு முன் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டும் முன்னோட்டக் காட்சியில் அவர்கள் சிரித்த இடங்களை நீட்டி, அமைதியான இடங்களைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். மூன்றும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். இயக்குநரைத் திட்டும் விமர்சனங்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

உங்கள் எதிர்பார்ப்பு அதிகமா என்பதற்கும் ஒரே பதில் கிடையாது. நகைச்சுவைக்கு உடன் பார்க்கிறவர்கள் முக்கியம். நிறைந்த அரங்கில் வெடிக்கும் ஜோக், தனியாக மடிக்கணினியில் பார்க்கும்போது ஒரு புன்னகையோடு போய்விடலாம். சிரிப்புக்கென்று எடிட்டர் விட்டு வைத்த இரண்டு நொடி, சிரிக்க ஆளில்லாதபோது வெறும் தொய்வாகத் தெரியும். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. தனியாகப் பார்த்திருந்தால், உங்கள் ஏமாற்றத்தில் ஒரு சின்னப் பங்கு அதற்கு இருக்கலாம். ஆனால் படம் முடிந்ததும் மனதில் எதுவும் நிற்கவில்லை என்கிறீர்களே, அது எதிர்பார்ப்பின் குற்றமென்று நான் நினைக்கவில்லை. படம் கொடுத்த வாக்கை நீங்கள் நம்பினீர்கள். நம்பியது சரிதான்.

கடைசிக் கேள்வி, எடிட்டில் தேறியிருக்குமா என்பது. ஓரளவு. நேஷனல் லம்பூன்ஸ் வெக்கேஷன் (1983) முன்னோட்டக் காட்சியில் அதன் முதல் முடிவு எடுபடவில்லை. நாடு முழுக்கக் காரில் வந்த குடும்பம், கேளிக்கைப் பூங்கா மூடியிருப்பதைப் பார்த்து அதன் முதலாளி வீட்டுக்கே போகிறது என்று முதலில் எடுத்திருந்தார்கள். இயக்குநர் ஹாரால்டு ரேமிஸ் அதைத் தூக்கிவிட்டு, சில மாதங்கள் கழித்து நடிகர்களைத் திரும்ப அழைத்து, பூங்காவுக்குள்ளேயே நடக்கும் புது முடிவை எடுத்தார். அதற்குள் மகனாக நடித்த பையன் வளர்ந்தேவிட்டான், கவனித்துப் பார்த்தால் தெரியும். படம் பிழைத்தது. ஆனால் அங்கே பிழைக்க வைத்தது புதிதாக எழுதி, புதிதாக எடுத்தது. வெட்டினால் நீளம் குறையும், வேகம் கூடும். ஐந்தாவது சம்பவம் எட்டாவதுக்குக் காரணமாகிவிடாது.

எங்கள் படத்தில் திரும்ப எடுக்கப் பணமில்லை. பதினொரு சம்பவங்களில் இரண்டை முழுதாக நீக்கினோம், 16 நிமிடம் குறைந்தது. பார்த்தவர்கள் 'சீக்கிரம் போனது' என்றார்கள். அதிகம் சிரித்ததாக யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், பழைய ரஷ்ஷை, அதாவது வெட்டாத மூலப் பதிவை, ஓட்டிக்கொண்டிருந்தபோது, 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்பே கேமரா ஓடிய ஒரு துண்டு கிடைத்தது. பாட்டியாக நடித்த அம்மாவும் அந்தப் பையனும் பின்சீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் தூங்கி வழிகிறான். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, அவனைத் திரும்பிப் பார்க்காமலே, மடங்கியிருந்த அவன் காலரை இழுத்துச் சரிசெய்கிறார். ஒன்பது நொடி. கிளைமாக்ஸுக்கு முன்னால் அதைச் சேர்த்தோம். அடுத்த முன்னோட்டக் காட்சியில் ஞாபகமிருக்கும் இடத்தை எழுதச் சொல்லிக் கொடுத்த தாள்களில், ஆற்றில் விழுந்த வேனைவிட அதிகம் பேர் எழுதியிருந்தது அந்தக் காலரைப் பற்றித்தான்.